ஒரு திருகு

குடுங்கக்கா, நான் திறந்து தர்றேன். முந்தானையைச் சுத்திக்கிட்டு அந்தத் தண்ணி பாட்டிலோட எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவீங்க. இந்தாங்க. பார்த்தீங்களா, ஒரு திருகுதான். என் கை அப்படி. திறக்கிறதும் அப்படித்தான், மூடுறதும் அப்படித்தான். எங்க வீட்டுக்காரர் சொல்லுவார், "உமையாள், நீ மூடின பாட்டில் உனக்கு மட்டும்தான் சொந்தம், நாங்கல்லாம் பட்டினி கிடக்க வேண்டியதுதான்"னு. சொல்லட்டுமே. காபித்தூள், மிளகாய்ப்பொடி, ஊறுகாய், எதையும் நான் வாயைத் திறந்து போட்டு வைக்க மாட்டேன். நமுத்துப் போயிரும்ல?

குடிச்சுட்டீங்களா? குடுங்க, மூடித் தர்றேன்.

உள்ள யாரு, வீட்டுக்காரரா? கண்ணுல புரையா? அட, அதெல்லாம் இப்ப ஒண்ணுமில்லக்கா. சாயங்காலமே பேப்பர் படிக்கணும்னு கேட்பார் பாருங்க. நான் வந்தது என்கூட வேலை பார்க்கிற பொண்ணுக்காக. ஜெசிந்தான்னு பேரு. ரெண்டு கண்ணுலயும் காஸ்டிக் சோடாத் தண்ணி அடிச்சிருச்சு. வலது கண்ணுல லேசாத்தான். இடதுலதான் ஜாஸ்தி. இன்னிக்குக் கட்டைப் பிரிச்சுப் பார்க்கிறாங்க. பார்வை வருமா வராதான்னு இன்னிக்குத் தெரிஞ்சிரும். உள்ள அவ அப்பா இருக்கார். நான்... ஒருத்தர் மட்டும் போதும்னு நர்ஸ் சொல்லிச்சு. அதான் வெளியே உட்கார்ந்துட்டேன். எனக்கு ஒரு போனும் வர வேண்டியிருக்கு. ஆபீஸ்லருந்து.

வேலையா? கரண்டு எடுக்கிற வேலைங்க்கா. சிவகங்கைப் பக்கம் சின்ன ஆராய்ச்சிக்கூடம். டார்ச்சுக்குப் போடுற பேட்டரி தீர்ந்து போனா தூக்கி எறிஞ்சிடுறோம்ல, எங்களது அப்படியில்ல. ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊத்துற மாதிரி ஊத்திக்கிட்டே இருக்கலாம். ஊத்த ஊத்தக் கரண்டு வரும். அதுல ஊத்துறது போரோஹைட்ரைடுன்னு ஒரு உப்பு, ரவை மாதிரி வெள்ளையா இருக்கும். வெறும் தண்ணியில போட்டா அது சும்மா கிடக்காது. ஹைட்ரஜன் வாயுவா நுரைச்சு நுரைச்சுப் போயிரும். காஸ்டிக் சோடா நிறையக் கரைச்ச தண்ணியில போட்டாத்தான் அடங்கி உட்கார்ந்திருக்கும். அப்புறம் உள்ள இருக்கிற உலோகத் தகட்டுல பட்டதும் ஒவ்வொரு துகளும் எட்டு எலக்ட்ரானைக் கழட்டிக் குடுக்கணும். அதுதான் கரண்டு. காகிதத்துல எட்டு. நிஜத்துல எந்தத் தகடும் எட்டு வாங்கித் தர்றதில்ல. நிக்கல் தகட்டுல பாதி வந்தா பெரிசு.

மீதி எங்க போகுதுன்னு கேளுங்க. குமிழியாப் போகுது! நமக்கு வர வேண்டிய கரண்டு, புசுபுசுன்னு குமிழி விட்டுக்கிட்டுக் காத்துல போகுது. பால் பொங்கி அடுப்புல வழிஞ்சா உங்களுக்கு வயிறு எரியும்ல? எனக்குக் குமிழியைப் பார்த்தா அப்படித்தான் எரியும். ஏதோ என் வீட்டுச் சொத்தைக் கொண்டுபோற மாதிரி. பிள்ளைங்களைக் கத்துவேன். "குமிழியை வேடிக்கை பார்க்கிறதுக்கா இங்க வர்றீங்க?"ன்னு.

ஜெசிந்தா மட்டும் அதுக்குச் சிரிப்பா. அந்தப் பொண்ணு எப்பவும் சிரிப்புத்தான். "நிக்கல் மேல கொஞ்சூண்டு தங்கம் பூசிப் பார்ப்போமா மேடம்?"னு கேட்டா. "தங்கம் விக்கிற விலைக்கு, முதல்ல உன் காதுல கிடக்கிறதைக் கழட்டு"ன்னேன். "அது கவரிங் மேடம், கழட்டினா நிக்கல்தான் கிடைக்கும்"னா. வாயைப் பாருங்க! ஆனா கைகாரி. கண்ணுக்கே தெரியாத மாதிரிப் பூசிட்டா. ஒருநாள் ஓடி வந்தா, "மேடம், ஏழு கிட்ட வந்துருச்சு!"ன்னு. ஏழுங்க்கா! நான் இந்த வேலைக்கு வந்து தலை நரைச்சதுதான் மிச்சம், என் கையால நாலு அஞ்சைத் தாண்டினதில்ல. எனக்குச் சந்தோஷம்தான். பொறாமையெல்லாம் இல்ல. சந்தோஷம்தான்.

அவளுக்கு நிரந்தர வேலை கிடையாது. வருஷா வருஷம் புதுப்பிக்கணும். அம்மா இல்ல. அப்பா கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், அருளப்பன்னு. நல்ல மனுஷன். அவர்தான் இப்ப உள்ள இருக்கார்.

எப்படிப் பட்டுச்சுன்னா... எங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்குக்கா. எங்க பேட்டரிக் கலத்துலருந்து வடிச்ச மிச்சத் தண்ணியைப் பாட்டில்ல ஊத்தி, காத்தை வெளியே உறிஞ்சித் தள்ளுற கண்ணாடிப் பெட்டிக்குள்ள வாயைத் திறந்தே வைக்கணும். மூடியைச் சும்மா மேல கவுத்து வைக்கலாம். திருகக் கூடாது. ஏன்னா தகட்டுலருந்து உதிர்ந்த தூள் அதுல கிடக்கும், கழுவின தண்ணியும் சேர்ந்து சோடாக் காரம் குறைஞ்சிருக்கும். பொங்குறது அடங்காது. ராவெல்லாம் குமிழி விட்டுக்கிட்டே இருக்கும். மூடினா அந்த வாயு எங்க போகும்? யார் புதுசா வந்தாலும் முதல் நாள் பாடம் இதுதான். சொல்லிக் குடுக்கிறதே நான்தான்.

அன்னிக்குப் பாட்டில் மூடியிருந்துச்சு. யாரோ திருகிட்டாங்க.

யாரா இருந்தா என்னக்கா, ஒரே ஓட்டமும் நடையுமா இருந்த நேரம். மேலிடத்துலருந்து ஆளுங்க மறுநாள் வர்றாங்க. எங்க கலத்தை வச்சு ஒரு சின்ன மின்விசிறியை ஓட்டிக் காட்டணும். முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் கூட்டுறதும் துடைக்கிறதுமா இருந்தோம். நான் வேற ஒரு கையில துணியை வச்சுக்கிட்டு மேசை மேசையாப் போறேன். யார் எதைத் தொட்டாங்கன்னு எப்படிச் சொல்ல முடியும்?

காலையில அவ வந்து அந்தப் பாட்டிலை எடுத்திருக்கா. மூடி இறுகிக் கிடந்திருக்கு. துணியைப் போட்டுத் திருகியிருக்கா. நான் எதிர் மேசையில இருந்தேன். பட்டுன்னு ஒரு சத்தம். மூடி மேலே போய் உத்தரத்துல அடிச்சிருச்சு. தண்ணி அவ மூஞ்சி பூரா. "மேடம், கண்ணு, கண்ணு"ங்கிறா.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நெத்தியில ஏத்தி விட்டிருந்தா. தலைப்பாடா அடிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கேன், கண்ணாடி போடு, கண்ணாடி போடுன்னு. கேட்டாத்தானே? கீறல் விழுந்து ஒண்ணும் தெரியலம்பா. கீறல் விழுந்ததுதான், இல்லேங்கல. எல்லாம் பழசு. புதுசு ஒரு பெட்டி நிறையப் பீரோவுல இருந்துச்சு. வர்ற பெரிய ஆளுங்களுக்குக் குடுக்கணும்ல, அதுக்காகப் பிரிக்காம வச்சிருந்தேன். வீட்டுல விருந்தாளிக்குன்னு நல்ல தட்டை எடுத்து வைக்கிறதில்லையா நாம? அது மாதிரிதான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். நான் ஒரு நொடி கூட நிக்கலை. அவளை இழுத்துக்கிட்டுப் போய்க் குழாய்க்கடியில தலையைப் பிடிச்சுக்கிட்டேன். கத்துறா, திமிர்றா, விடலையே. கண்ணு இமையை ரெண்டு விரலால விரிச்சுப் பிடிச்சுக் கழுவிக்கிட்டே இருந்தேன். என் சேலை பூரா நனைஞ்சு போச்சு. வேன் வந்த பிறகும் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு கழுவினேன். இங்க டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "உடனே கழுவினதாலதான் கண்ணு மிஞ்சியிருக்கு, யார் கழுவினது?"ன்னார். அருளப்பன் என்னைக் காட்டிட்டு அப்படியே கையெடுத்துக் கும்பிட்டுட்டார். அந்த வயசான மனுஷன், இத்தனை பேர் நடுவுல. "நீங்க என் பிள்ளைக்குத் தாய் மேடம்"ங்கிறார். எனக்கு அந்த இடத்துலயே நிலம் பிளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு.

ஏன்னு கேட்காதீங்க. யாராவது கும்பிட்டா எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அப்புறம் விசாரணை வச்சாங்க. வைக்கத்தானே செய்வாங்க. பாதுகாப்பு அதிகாரி இங்கயே வந்துட்டார். ரெண்டு கண்ணுலயும் கட்டோட படுத்திருக்கா. "மூடியைத் திருகினது யாரும்மா?"னு கேட்டார். நான் கட்டில் கால்மாட்டுல நின்னேன். வாயைத் திறந்தேன்க்கா. நிஜமாத் திறந்தேன். அதுக்குள்ள அவ சொல்லிட்டா, "நான்தான் சார் மூடியிருப்பேன், அவசரத்துல"ன்னு.

அவளே சொல்லும்போது நான் என்ன பண்ண? மூடியிருந்தாலும் மூடியிருப்பா. யார் கண்டது? அவ்வளவு வேலையில மனுஷங்களுக்கு நினைவு பிசகுறது சகஜம்தானே. நான் ஒருத்தி மூடினதுக்கப்புறம் அவ லேசாத் திறந்து மறுபடி மூடியிருந்தா? அப்படியும் நடக்கலாம்ல?

என்ன?

நான் மூடினேன்னா சொன்னேன்?

சரி. ஆமா. நான்தான் மூடினேன். துடைச்சுக்கிட்டே போறேன், ஒரு பாட்டில் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது, மூடி பக்கத்துல கிடக்குது. நான் எதையும் யோசிக்கலக்கா. அது என்ன பாட்டில், உள்ள என்ன இருக்கு, ஒண்ணும் யோசிக்கலை. கை தானாப் போச்சு. ஒரு திருகு. அடுத்த மேசைக்குப் போயிட்டேன். ராத்திரி நல்லாத் தூங்கினேன். பட்டுன்னு சத்தம் கேட்ட நொடியிலதான் என் கை எனக்கு ஞாபகம் வந்துச்சு. இவ்வளவு வருஷமாப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தின பாவி நான். புதுசா வந்த பிள்ளை கூட அதை மூடாது. பயந்துக்கிட்டுத் தொடாமப் போயிருக்கும். பழகின கைதான் மூடும்.

இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. வீட்டுக்காரர்கிட்டக் கூட. உங்களை இனிமே நான் எங்க பார்க்கப் போறேன்? அதான் வாய் விட்டுருச்சு போல.

ஆனா பாருங்க, யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு ஒரு மாதிரியா நடமாடிக்கிட்டுத்தான் இருந்தேன். தினம் வந்தேன். பழம் வாங்கிட்டு வந்தேன், இளநி வாங்கிட்டு வந்தேன். நேத்துப் பருப்புப்பொடி அரைச்சு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு எடுத்துட்டு வந்தேன். இங்க கேண்டீன் சாதம் வாய்க்கு விளங்கலைன்னு அவ சொன்னாளேன்னு. காலையில வந்தா அருளப்பன் அதே பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறார். சிரிக்கிறார். "மேடம், தப்பா நினைக்காதீங்க, எங்களால திறக்கவே முடியலை. கண்டக்டர் கை, அப்பவும் ஒண்ணும் வேலைக்கு ஆகலை. கதவு இடுக்குல வச்சுக் கூடத் திருகிப் பார்த்துட்டேன்"ங்கிறார். நானும் சிரிச்சேன். குடுங்கன்னு வாங்கினேன்.

அப்புறம் சொல்றார். "பாப்பாகிட்டக் குடுத்துப் பார்த்தேன் மேடம். அது மூடியைத் தடவிப் பார்த்துச்சு, ஒரு தரம் திருகிப் பார்த்துச்சு. மேடம் மூடினதுப்பா, விட்டுருங்கன்னு சொல்லிச்சு. அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிச்சு. என்னிக்கும்மான்னு கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு"ன்னு.

அந்த மனுஷனுக்கு ஒண்ணும் புரியலைக்கா. வெள்ளந்தியாச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. இங்க வந்து யோசிச்சுக் கண்டுபிடிக்கலை. அந்த மூடியைத் துணி போட்டுப் பிடிச்சுத் திருகுறப்பவே, கண்ணு நல்லா இருந்த கடைசி நேரத்துல, இது மேடம் கைன்னு தெரிஞ்சிருக்கு. நான் கழுவுறப்பவும் தெரியும். நான் கால்மாட்டுல நின்னப்பவும் தெரியும். தெரிஞ்சேதான் நான்தான் மூடினேன்னு சொல்லியிருக்கா.

ஏன் சொன்னா? இந்த ஆராய்ச்சித் திட்டம் என் பேருல இருக்கு. என்னை ஒதுக்கினா திட்டம் நின்னுரும், மத்தவங்க வேலையும் போயிரும். அதை நினைச்சிருப்பா. இல்லேன்னா என்மேல உள்ள மரியாதையில சொல்லியிருப்பா. அதைத்தான் என்னால தாங்க முடியலை. திட்டினா வாங்கிக்குவேன்க்கா. "ஏன் மேடம் மூடினீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவ காலைப் பிடிச்சு அழுதிருப்பேன். கேட்கவே மாட்டேங்கிறாளே.

இன்னிக்கு விசாரணைக் குழுவுலருந்து என்னைக் கூப்பிடுவாங்க. அவ சொன்னது சரிதானான்னு ஒரே ஒரு கேள்வி. சரின்னு சொன்னா, கவனக்குறைவுன்னு எழுதி அவளை அனுப்பிருவாங்க. புதுப்பிக்க மாட்டாங்க. அப்புறம் வேற எந்த ஆராய்ச்சிக்கூடத்துலயும் அவளைச் சேர்க்க மாட்டாங்க. அந்த ஏழு எலக்ட்ரான் அவளோடது, அதுவும் போயிரும். இல்ல, மூடினது நான்னு சொன்னா... சொல்லிரலாம்னுதான் இருக்கேன். காலையில அந்தப் பாட்டிலை வாங்கினப்பவே முடிவு பண்ணிட்டேன். சாமி சத்தியமாச் சொல்றேன்.

என்னக்கா? தண்ணியா? குடிங்க, குடிங்க.

திறக்க வரலையா? நான் சும்மாத்தானே மூடினேன். குடுங்க... இந்தாங்க.

இப்பக் கூடவா இறுக்கியிருக்கேன்?

இருங்க, போன் அடிக்குது. அவர்தான். தில்லைநாயகம் சார்தான் குழுவுக்குத் தலைவர். நீங்க இருங்க, எழுந்து போகாதீங்க. பக்கத்துலயே இருங்க.

வணக்கம் சார். ஆமா சார், ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். உள்ள பார்த்துக்கிட்டு இருக்காங்க சார். சொல்லுங்க சார்... ஆமா சார், பழக்கம் உண்டு, திறந்துதான் வைப்போம்... ஆமா. நானே சொல்லிக் குடுத்ததுதான் சார்... ஐயோ, பாராட்டெல்லாம் எதுக்கு சார். யாரா இருந்தாலும் கழுவியிருப்பாங்க... இல்ல சார், என் பேரைச் சேர்க்க வேணாம்... அப்படியா சார்... சார், ஒண்ணு... இல்ல, இல்ல, ஒண்ணுமில்ல. நீங்க கேளுங்க.

ஆமா சார்.

அவ சொன்னதுதான் சார். வேற யாரும் இல்ல சார். சரிங்க சார். வச்சிடுறேன்.

எதுக்குக்கா அப்படிப் பார்க்கிறீங்க? நீங்களும்தான் கேட்டீங்க, அவர் எங்க என்னைப் பேச விட்டார்? துணிச்சலா முதலுதவி பண்ணீங்க, உங்க பேரைப் பாராட்டுக்கு எழுதுறோம்னு எடுத்த எடுப்புலயே சொல்லிட்டார். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? அப்புறமாச் சொல்லிக்கலாம். அவ வேலைக்கு நான் ஏற்பாடு பண்ணிருவேன். எனக்குத் தெரிஞ்ச காலேஜ் இருக்கு. நான் பேசினா கேட்பாங்க. திட்டமும் நிக்காது. யாருக்கும் நஷ்டமில்ல பாருங்க. நல்லாத்தான் முடிஞ்சிருக்கு. இல்லையா? சொல்லுங்கக்கா.

அருளப்பன் வர்றார். மூஞ்சியைப் பாருங்க, அழுறாரா சிரிக்கிறாரான்னு தெரியலை.

என்னங்கய்யா? என்ன சொன்னாங்க?... தெரியுதா? இடதுலயுமா?... மூணு விரல்னு சரியாச் சொன்னாளா? முருகா! முருகா... லேசா மங்கலா இருந்தா என்னங்கய்யா, போகப் போகத் தெளிஞ்சிரும். கும்பிடாதீங்க, கையைக் கீழ போடுங்க முதல்ல, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்... என்னையா? என்னைத்தான் கேட்கிறாளா?... முதல் வார்த்தையே அதுதானா?... வர்றேன், வர்றேன். நீங்க முன்னாடி போங்க. இந்தா வந்துட்டேன்.

போயிட்டாரா? பார்வை வந்துருச்சுக்கா. நான் நினைச்சு நினைச்சு வேண்டிக்கிட்டது அதுதான். கட்டு இருந்த வரைக்கும் நான் பாட்டுக்கு அவ பக்கத்துல உட்கார்ந்து பழத்தை உரிச்சுக் குடுத்தேன். இனிமே அவ என்னைப் பார்ப்பாள்ல. பார்த்துச் சிரிப்பா. கேட்கவும் மாட்டா. சிரிப்பா.

எனக்கு முடியாதுக்கா. சிவகங்கை பஸ் ஒண்ணு இருக்கு, நான் அதைப் பிடிச்சுப் போயிடுறேன். ஆபீஸ்லருந்து அவசரமாக் கூப்பிட்டாங்கன்னு சொல்லிருங்க. உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வர நீங்க உள்ள போவீங்கள்ல? அந்த மூணாவது கட்டில். ஒல்லியா, சிரிச்ச மூஞ்சியா இருப்பா.

இந்தப் பருப்புப்பொடியை மட்டும் அவ கையில குடுத்துருங்க. நான் திறந்துட்டேன். நீங்க ஒண்ணும் விளக்கிச் சொல்ல வேணாம். மேடம் குடுத்தாங்கன்னு சொல்லுங்க போதும். நிமித்தியே பிடிச்சுக் கொண்டு போங்கக்கா, சாய்ச்சுராதீங்க. திருகலை. மூடியைச் சும்மா மேல வச்சிருக்கேன்.